ஆறடிக் கோடு

மூன்றடி தள்ளி நின்றுதான் அவர் ஸலாம் சொல்வார். எங்கள் பக்கத்தில் ஸலாம் சொன்னால் இரண்டு கையையும் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருப்பது மரியாதை. அவருக்குக் கை கொடுக்க வேண்டுமென்றால் நாம் ஓரடி முன்னால் வைக்க வேண்டும். நாம் வைத்தால் அவர் ஓரடி பின்னால் வைப்பார். ஒருநாள் கல்முனைச் சந்தைக்குள் நான் விடாமல் கையை நீட்டிக்கொண்டே போக, அவர் பின்னுக்குப் பின்னுக்குப் போய் ஒரு கருவாட்டுக் கூடையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே ஸலாத்துக்குப் பதிலும் சொன்னார்.

புருவம் இல்லாத முகம். இடது கன்னம் மட்டும் இரண்டு தரம் தீட்டின அரிசி மாதிரி வழவழவென்று மினுங்கும். இரண்டு புறங்கையிலும் அதே மினுக்கம். வயது ஐம்பத்தைந்தா அறுபதா என்று அந்த முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. மழை வெயில் எதுவானாலும் பழைய சைக்கிளில்தான் வருவார். சைக்கிளின் கரியரில் ஒரு பெரிய பை. பைக்குள் ஒரு தடித்த பருத்திக் கோட்டு, கண்ணாடி மறைப்பு வைத்த தொப்பி, அளவு நாடா, மஞ்சள் சாயத் தகரப்பேணி, தூரிகை.

நான் அப்போது சம்மாந்துறையில் ஒரு அரிசி மில்லில் சுப்பவைசர். பதவியின் பெயர் அது. வேலை என்னவென்றால், நாட்டாமைமார் என்கிற சுமைகாரர்கள் நெல்மூடையைத் தூக்கும்போது பக்கத்தில் நின்று பகிடி விட்டுச் சிரிக்க வைப்பது. பகிடி இல்லாவிட்டால் மூடை பாரமாக இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். என்னை ஒரு மூடை தூக்கச் சொன்னால் எனக்கும் மூடைக்கும் இடையில் யார் யாரைத் தூக்குவது என்ற பிரச்சினை வந்துவிடும்.

அவருடைய வேலை, தூரம் பார்ப்பது. வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. எந்த மில்லிலும் ஐஸ் தொழிற்சாலையிலும் மின்சாரத்தைப் பிரித்து இயந்திரங்களுக்கு அனுப்புகிற ஒரு இரும்பு அலமாரி இருக்கும். பெனல் என்போம். அதற்குள் ஏதாவது பிசகி, மின்சாரம் கம்பியை விட்டுக் காற்றில் பாய்ந்தால் ஒரு நெருப்பு வரும். கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். அந்த நேரத்துக்குள் செம்பு உருகி ஆவியாகிவிடும். அந்த நெருப்பு எவ்வளவு தூரத்துக்கு வரும், அந்தத் தூரத்துக்குள் யார் நிற்கிறார்கள், நிற்கத்தான் வேண்டுமென்றால் என்ன உடுத்தியிருக்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்பவர் அவர்.

"ஷொக் அடிக்கிறதுக்கு நீ தொடணும். இதுக்குத் தொடத் தேவல்ல. கிட்ட நிண்டாக் காணும்," என்பார்.

ட்ரான்ஸ்போமரில் எழுதியிருப்பதைப் பார்ப்பார். கேபிளின் தடிப்பைப் பார்ப்பார், நீளத்தை அளப்பார். பியூஸைக் கழற்றிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசிப்பார். அவர் கிட்டப் பிடித்து நான் கண்ட ஒரே சாமான் பியூஸ்தான். பிறகு ஒரு மூடையில் உட்கார்ந்து கொப்பியில் அரைமணி நேரம் கணக்கு. எழும்பி, பெனலிலிருந்து நாடாவை இழுத்து, நிலத்தில் மஞ்சள் கோடு கீறுவார். கோட்டுக்கு உள்ளே மூடை அடுக்கக் கூடாது, ஆள் நிற்கக் கூடாது. எங்கள் மில்லுக்கு ஆறடி.

கோடுகீறி என்று பெயர் வைத்தேன். யார் வைத்ததென்று கேட்டால் எல்லாரும் என்னைத்தான் காட்டுவார்கள். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அவரை முதலில் அனுப்பியது ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம். சுனாமியில் கடல் வந்து போன பிறகு கரையோரத்து ஐஸ் தொழிற்சாலைகளுக்கும் உள்ளூர் மில்களுக்கும் அவர்கள் இயந்திரம் கொடுத்தார்கள். கொடுக்கிற இடத்தில் ஆள் எரியாமல் இருக்குமா என்று பார்க்க ஒருவர் தேவைப்பட்டார். அரபு நாட்டில் எண்ணெய்க் கம்பனியில் இந்த வேலை செய்தவர் எங்கள் பக்கத்தில் இவர் ஒருவர்தான். ஒரு வருடத்தில் திட்டம் முடிந்து வெள்ளைக்காரர்கள் ப்ளேன் ஏறினார்கள். இவர் ஏறவில்லை. யாரும் அனுப்பாமலே சைக்கிளில் மில் மில்லாகப் போய், கீறின கோட்டைத் திரும்ப அளந்துகொண்டிருந்தார்.

ஒருமுறை மாவடிப்பள்ளி மில்லுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போனார். என்னுடைய மோட்டார் சைக்கிள், பின்னால் அவர், மடியில் பை. வழியில் சோதனைச்சாவடி. பையைத் திறந்த ஆமிக்காரன் தடித்த கோட்டையும் முகமூடித் தொப்பியையும் கண்டதும் நாலு பேரைக் கூப்பிட்டான். இது என்னத்துக்கு என்று கேட்டான். இவருக்குச் சிங்களம் அரைகுறை. இரண்டு கையையும் விரித்து, "டோம்!" என்றார்.

சோதனைச்சாவடியில் சொல்லக் கூடாத சொல் ஒன்று இருந்ததென்றால் அது அதுதான். எங்களை நிலத்தில் குந்த வைத்தார்கள். வெயில் தலைக்கு ஏறிற்று.

"காக்கா, வேற ஒரு சத்தமும் கெடைக்கல்லியா ஒங்களுக்கு?" என்றேன். மூத்தவரைக் காக்கா என்பது எங்கள் வழக்கம்.

"அந்தச் சத்தம்தான் தம்பி வரும். பொய் சொல்லச் சொல்றயா?"

ஒரு பெரியவர் வந்து கொப்பியைப் புரட்டிப் பார்த்து எங்களை விட்டபோது பகல் தொழுகையான லுஹர் கடந்திருந்தது. நான் தப்பினோம் பிழைத்தோமென்று வண்டியை உதைக்கிறேன். இவர் திரும்பிப் போய், சாவடியின் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் துவக்கோடு நின்ற ஆமிப் பையனிடம் மூன்று விரலைக் காட்டி, மூன்றடி பின்னால் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் போனான். ஏன் போனானென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

சட்டைத் துணியிலும் அவருக்கு ஒரு கண். பெருநாளைக்கு நான் வாங்கின புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு மில்லுக்கு வந்திருந்தேன். பளபளவென்ற நீலம். அவர் ஓரத்தில் ஒரு நூலை இழுத்துப் பிடுங்கி, தீக்குச்சியைப் பற்றவைத்தார். நூல் சுருண்டு உருகிக் கறுப்பு முத்தாக நின்றது. எல்லா நாட்டாமைமாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பருத்தியெண்டா எரிஞ்சி சாம்பலாப் போகும். இது ஒருகி ஒடம்புல ஒட்டும். மறுகா சட்டையக் கழட்டினா தோலும் சேந்து வரும்," என்றார்.

"அப்ப நான் வெறும் மேலோட வேல செய்யட்டா காக்கா? மூட தூக்கிறவனெல்லாம் சிரிச்சிச் சாகுவான்."

அவரும் சிரித்தார். சிரித்தால் வலது பக்கம் மட்டும்தான் சிரிக்கும்.

அந்த முகம் எப்படி அப்படி ஆனதென்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் நான் கேட்காமல். அரபு நாட்டில் அவரும் ஒரு மலையாளியும் ஒரு பெனலைத் திறந்திருக்கிறார்கள். மலையாளி கதவுக்கு முன்னால். இவர் டோர்ச் பிடித்துக்கொண்டு மூன்றடி பின்னால். "அவன் சொன்னான், கிட்ட வா, வெளிச்சம் காணாதெண்டு. நான் போறதுக்குக் கால எடுத்த," என்றார்.

கடல் வந்த கதையும் அப்படித்தான் துண்டாகக் கிடைத்தது. அவர் வீடு கல்முனைக்குடியில் கடற்கரையோடு. அன்று காலை அவர் மருதமுனையில் ஒரு நெசவுக் கடையில் இருந்தார். மனைவி வீட்டில். பிறகு அந்தக் கரையில் இவ்வளவு தூரத்துக்குள் வீடு கட்டக் கூடாதென்று அரசாங்கம் ஒரு கோடு போட்டபோது, வந்த உத்தியோகத்தரை இவர் பிடித்துக்கொண்டார். இந்தத் தூரம் எப்படி வந்தது, கணக்கைக் காட்டு என்றார். அவர் மேலிடத்து உத்தரவென்றார். இவர் விடவில்லை. கடைசியில் நான்தான் இழுத்து வந்தேன்.

"எத்தின மில்லு அளந்திரிக்கன். வூட்டு வாசல்லயிருந்து கடலுக்கு எத்தின அடியெண்டு ஒருநாளும் அளக்கல்ல தம்பி," என்று வரும் வழியில் சொன்னார்.

நான் எதற்கும் பகிடி வைத்திருப்பவன். அன்று அவருடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட நடந்தேன்.

எங்கள் மில்லுக்கு அவர் அடிக்கடி வந்ததற்குக் காரணம் எங்கள் பெனல். முதலாளி ஹாஜியார் அதைக் கரையோரத்தில் இடிந்து கிடந்த ஐஸ் தொழிற்சாலை ஒன்றிலிருந்து எடுத்து வந்தார். கடலுக்குள் மூழ்கிக் கிடந்த பெனல். நல்ல தண்ணீரில் கழுவி, நெல்லுக் காயப்போடுகிற களத்தில் நாலு நாள் வெயிலில் வைத்து, பச்சைச் சாயம் அடித்தோம். கலியாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. சாயம் அடித்ததும் நான்தான், வலது ஓரத்தில் கொஞ்சம் வழிந்திருக்கும்.

அவர் முதல் நாளே கதவைத் திறந்து, உள்ளே கம்பியைத் தாங்குகிற கட்டைகளில் விரலைத் தேய்த்து, ஹாஜியாரிடம் நீட்டினார்.

"நக்கிப் பாருங்க ஹாஜி."

"என்ன?"

"உப்பு. கடல் இதுக்குள்ளதான் இரிக்கி. கழுவினாப் போகாது. மழக் காலத்துல ஈரத்த இழுக்கும், தவிட்டுத் தூசும் சேரும், ஒருநாளைக்குக் கரண்ட் அதுல நடந்து போகும். பெனல மாத்துங்க."

"நோம்போட நக்கச் சொல்றான் பாரு," என்றார் ஹாஜியார். ரமலான் மாதம், பகல் பதினொரு மணி. விரல் என் பக்கம் திரும்பிற்று. நானும் நோன்பு. றஹீமும் நோன்பு. றஹீம் எங்கள் மில் எலெக்ட்ரீசியன், எனக்கு மச்சான் முறை. அந்த உப்பை மில்லில் ஒருவர் வாயும் ருசி பார்க்கவில்லை. ருசி பார்க்காத உப்பு உப்பில்லை என்று ஹாஜியார் முடிவு கட்டிவிட்டார். பெனல் அங்கேயே நின்றது.

பெனலை மாற்றமாட்டார்கள் என்று தெரிந்தபிறகுதான் அவர் கோட்டைக் கீறினார். கீறி முடித்து, றஹீமைக் கூப்பிட்டு, மின்சாரம் பெனலுக்கு வருமுன் கடந்து வருகிற, வெளிச்சுவரில் இருந்த பியூஸ் பெட்டியைக் காட்டினார்.

"நெருப்பு பெரிசா சின்னனா எண்டு இந்தப் பியூஸ்தான் சொல்லும். இது கெதியாப் போனா, நெருப்பு பொறந்தோடனயே மௌத்து. இது போகாட்டி நாம மௌத்து. ஆறடி இந்தப் பியூஸுக்குத்தான். பியூஸ் மாறினாக் கோடும் மாறும். என்னக் கூப்பிடணும்."

"ஓம் காக்கா," என்றான் றஹீம்.

"இந்தாள்ட கோட்டால நாப்பது மூட அடுக்கிற எடம் போயிட்டு," என்றார் ஹாஜியார். ஆனாலும் மூடைகளை எடுக்கச் சொன்னார். ஹாஜியார் கெட்டவரில்லை. பயம் கொஞ்சம் பிந்தித்தான் வரும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன்.

மில்லில் எப்போதும் ஒரு குறை, தொழ இடமில்லை. களம் வெயிலில் கொதிக்கும். உள்ளே பார்த்த இடமெல்லாம் மூடை, தவிடு. ஒருநாள் லுஹர் நேரம் பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். இரண்டு பக்கமும் மூடை சுவராக நிற்க, நடுவில் கூட்டித் துடைத்த வெற்றுத் தரை. பெனல் நின்றது மேற்குச் சுவரில், நாங்கள் தொழ முகம் வைக்கிற திசையில். மஞ்சள் கோடு அதற்கு நேராக, தொழுகை வரிசைக்கென்றே கீறின மாதிரி.

"கோடுகீறி நமக்கு ஸஃப்புக் கீறித் தந்திரிக்காரு. பாயப் போடுங்கடா," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே போய்க் கோட்டில் குதிகாலை வைத்து நின்றார்கள். அடுத்த நாள் சிரிக்காமல் நின்றார்கள். எங்கள் ஊரில் ஒரு பகிடி வழக்கமாவதற்கு ஒரு நாள் போதும்.

அடுத்த தடவை அவர் வந்தபோது சுருட்டின பாய்கள் பெனலுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கின. அவர் பாய்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"இத ஆரு தொடங்கின?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் ஒரு மூடையில் உட்கார்ந்தார்.

"ஆக்கள் நிக்கக் கூடாதெண்டு எடுத்த எடம் மனே. அதுல பத்துப் பேர வரிசயா நிப்பாட்டியிரிக்காய். நெத்திய நிலத்துல வெச்சி ஸுஜூதுக்குப் போனா எல்லார்ட தலையும் பெனலுக்கு ரெண்டடில."

ஹாஜியார் வந்தார். "தொழுற எடத்துல ஒண்டும் வராது. அல்லா காப்பான்."

"அல்லாதான் ஹாஜி எனக்கு டேப்பும் தந்த."

"அப்ப தொழுகைய நிப்பாட்டச் சொல்றீங்க."

"எடத்த மாத்தச் சொல்றன்."

இரண்டும் ஒன்றல்ல என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆனால் முதலாவதைச் சத்தமாகச் சொல்லியாயிற்று. பின்னேரம் தேநீர்க் கடையில் கோடுகீறி தொழுகைக்கு எதிரியென்று கதை போயிருந்தது. நான் மறுத்தேன் என்று சொல்ல ஆசைதான். நான் அவர் கருவாட்டுக் கூடையில் உட்கார்ந்த கதையைச் சொல்லிப் பேச்சை மாற்றினேன். அது எனக்கு லேசு.

அதன் பிறகு அவர் எங்கள் மில்லில் தொழுதது தனியே, களத்தின் நடுவில், கொதிக்கிற சீமெந்தில். நெற்றியில் நெல் உமி ஒட்டியிருக்க வந்து கேட்பார்: "வேற எடம் பாத்தீங்களா?" பார்க்கிறோம் காக்கா என்போம்.

சண்டை முடிந்துவிட்டதென்று ரேடியோ சொன்ன வாரம். ஊரெல்லாம் வெடி. ஹாஜியாரும் மில் வாசலில் ஒரு சரம் கட்டச் சொன்னார். காரைதீவிலிருந்து வருகிற இரண்டு தமிழ் நாட்டாமைமார் அன்று வேலைக்கு வரவில்லை. ஏனென்று யாரும் கேட்கவில்லை.

பகல் கரண்ட் போயிற்று. இயந்திரமெல்லாம் நின்றதால் எல்லாரும் ஒன்றாக லுஹருக்கு நின்றோம். றஹீம் மட்டும் தொழுதுவிட்டான். கரண்ட் வந்ததும் மெயின் சுவிச்சைப் போடுவதற்காகப் பெனலுக்கு முன்னால் நின்றான்.

எனக்கு அப்போது தெரியாத ஒன்று இருந்தது. மழை முடிந்ததிலிருந்து அந்த வெளிப் பியூஸ் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து வர வேண்டிய பியூஸ் வரவில்லை, ஹாஜியார் கத்தினார். றஹீம் பியூஸ் இருந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டான். அதன் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. நோயாளியைக் குணமாக்க அழுகிற வாயைக் கட்டின மாதிரி. கோட்டை மாற்ற யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

அவர் அன்று தானாகத்தான் வந்தார். எப்போதும் போல முதலில் பியூஸ் பெட்டியைத் திறந்திருக்கிறார். சைக்கிளை நிறுத்தியும் நிறுத்தாமலும் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தார். தடித்த கோட்டும் தொப்பியும் இருந்த பை கரியரிலேயே கிடந்தது.

தொழுகையில் பார்வை ஸுஜூது செய்கிற இடத்தில் இருக்க வேண்டும். என்னுடைய பார்வை ஒருநாளும் அங்கே இருந்ததில்லை. வரிசையின் ஓரத்தில் அவருடைய கால்கள் வந்து நின்றதைக் கண்டேன். றஹீம் எங்களுக்கு அந்தப் பக்கம். இரண்டு பக்கமும் மூடை. அவனிடம் போவதென்றால் தொழுகிறவர்களுக்கு முன்னால்தான் நடக்க வேண்டும். எங்கள் ஊரில் பச்சைக் குழந்தையும் அதைச் செய்யாது. வாழ்நாளெல்லாம் தள்ளி நின்ற மனிதர் அந்த ஓரத்திலும் நின்றார். நாங்கள் குனிந்து நிமிர்கிற நேரம் நின்றார். "றஹீம், போடாத" என்று கூப்பிட்டார். வாசலில் வெடிச் சரம் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் வந்துவிட்டது. றஹீம் திரும்பாமல் கையைச் சுவிச்சுக்குக் கொண்டுபோனான்.

பிறகு அவர் நடந்தார். எங்கள் பாய்களை ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டு, கோட்டுக்கு உள்ளே, எங்களுக்கு முன்னால். கோடுகீறி ஸஃப்பை முறித்துப் போகிறார் என்று எனக்குள் ஒரு பகிடி தயாரானது. தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் சொல்ல வேண்டுமென்று வைத்துக்கொண்டே ஸுஜூதுக்குப் போனேன்.

முதலில் வெளிச்சம். கண்ணை மூடியிருந்தும் பாயின் ஓலை ஓலையாகத் தெரிந்தது. பிறகு சத்தம். வெடியை உள்ளேயே கொளுத்திவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு முதுகில் யாரோ சோற்றுப் பானையைக் கவிழ்த்தார்கள்.

றஹீமைத் தள்ளிவிட்டிருந்தார். அவன் மூடைகளுக்கு நடுவில் கிடந்தான், ஒரு கை மட்டும் வெந்திருந்தது. பச்சைக் கதவு கழன்று தரையில். கதவு இருந்த இடத்துக்கு முன்னால் அவர்.

நாங்கள் குனிந்திருந்ததால் தப்பினோம். ஆறு பேருக்கு முதுகு. என்னுடைய முதுகுக்கு அந்த நீலச் சட்டை. தோலோடு சேர்ந்துதான் வரும் என்று அவர் சொன்னது சரியாக இருந்தது. காலர் ஓரம் இப்போதும் கழுத்தில் இருக்கிறது, கழற்ற முடியாத பெருநாள் உடுப்பு.

அடுத்த நாள் மருந்து கட்டின கையோடு றஹீமும் சட்டை போட முடியாத நானும் மில்லுக்குப் போனோம். நான் அவருடைய பையிலிருந்து நாடாவை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை ஒழுங்காக அளந்தேன். கோட்டுக்கு அப்பால், வரிசைக்குப் பின்னால், கடைசிச் சுவரோடு அடுக்கியிருந்த மூடைகள் கருகியிருந்தன. பதினாலு அடி.

"மச்சான்," என்றான் றஹீம். "கம்பி விசயத்தச் சொல்லிராத. நாலு புள்ள எனக்கு." கம்பியை அவன் ஏற்கனவே கழற்றிவிட்டான். சோதிக்க ஆள் வருவதற்கு முன்னால் கருகின மூடைகளை அகற்றச் சொல்லி ஹாஜியார் ஆள் அனுப்பியிருந்தார். பக்கத்தில் நின்று அகற்றுவித்தவர் சுப்பவைசர்.

அவர் ஐந்து நாள் உயிரோடு இருந்தார். மூன்றாம் நாள் நானும் றஹீமும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முகம் முழுக்கக் கட்டு. குரல் மட்டும் வெளியே.

"எத்தின அடி?"

"என்ன காக்கா?"

"நெருப்பு. அளந்தயா?"

"அளந்தன்."

"எத்தின?"

றஹீம் என் முழங்கையைப் பிடித்தான். பிடித்திருக்கத் தேவையில்லை. பதினாலு என்று சொன்னால், தான் கீறின கோடு பிழைத்துப் போயிற்று என்று அவர் நினைப்பார். அப்படித்தான் எனக்குப் பட்டது.

"ஆறடி. ஒங்கட கோட்டுல வந்து நிண்டிட்டு காக்கா."

"அங்கால ஒண்டும் படல்லியா?"

"ஒண்டும் படல்ல."

"ஸஃப்புல நிண்ட ஆக்கள்?"

"எல்லாரும் சொகம்."

அந்தக் கம்பியைக் கண்ணால் கண்டுவிட்டு ஓடி வந்தவர் அவர். நெருப்பு ஆறடியோடு நிற்காது என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? நான் இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

"தள்ளி நில்லு மனே," என்றார். "புண்ணு மணக்கும்."

ஜனாஸா வீட்டில் றஹீம்தான் முதலில் சொன்னான், நெருப்பு வந்து காக்காவின் கோட்டில் நின்றதாம் என்று. அழுதுகொண்டு சொன்னான். அவன் சொன்னது பொய் என்று அவனுக்கே அந்த நேரம் ஞாபகம் இருந்ததோ தெரியாது. கேட்டவர்கள் ஸுப்ஹானல்லாஹ் என்றார்கள். தொழுகிறவர்கள் நின்ற கோட்டைத் தாண்ட நெருப்புக்கு அனுமதி இல்லை என்று ஒருவர் விளக்கம் வைத்தார். கபுறடிக்குப் போய் அடக்கிவிட்டுத் திரும்புவதற்குள் அது ஊர்க் கதையாகிவிட்டது. உயிரோடு இருக்கும்வரை அவரை வாசலுக்குள் எடுக்காத மில்காரர்களெல்லாம் சாயப்பேணி வாங்கினார்கள். ஒருவரும் ட்ரான்ஸ்போமரைப் பார்க்கவில்லை, பியூஸை வாசிக்கவில்லை. எல்லா மில்லிலும் ஆறடி.

நான் உண்மையைச் சொல்லாமல் இல்லை. ஒரு வருடம் கழித்து, றஹீம் வெளிநாடு போன பிறகு, ஹாஜியாரிடமே சொன்னேன்.

"ஆறில்ல ஹாஜி, பதினாலடி. நான் அளந்தன்."

ஹாஜியார் தேநீர் சிந்தச் சிரித்தார். "மௌத்தானவர வெச்சும் பகிடியாடா ஒனக்கு."

முதுகைக் காட்டலாம். ஆனால் ஸுஜூதில் முதுகு கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது, அது ஒன்றுக்கும் சாட்சியில்லை. சாட்சியாக இருந்த மூடைகளை நான்தான் ஏற்றி அனுப்பினேன். இத்தனை வருடம் ஊரைச் சிரிக்க வைத்தவன் ஒரு நாள் மட்டும் மெய் சொல்கிறான் என்று யார் நம்புவது?

போன மாதம் மாவடிப்பள்ளியில் ஒரு மில்லுக்கு அரிசி பார்க்கப் போயிருந்தேன். புது மில், பெரிய பெனல், எங்களதை விட இரண்டு மடங்கு. முன்னால் கூட்டித் துடைத்த தரை, மஞ்சள் கோடு, ஆணியில் பாய்கள். பியூஸ் பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். பூட்டு, சாவி முதலாளியிடம் என்றார்கள்.

"இந்தக் கோடு பிழை. இதுல நிக்காதீங்க," என்றேன்.

"ஆறடிக்கு அங்கால வராது காக்கா," என்றார் அங்கிருந்த எலெக்ட்ரீசியன். "கோடுகீறி மௌத்தாகிற நேரம் சொன்னதாம். ஒங்களுக்குத் தெரியாதா?"

லுஹருக்குப் பாயை விரித்தார்கள். வரிசையில் நடுவில் ஓராள் இடம் வெறுமையாக இருந்தது. இடைவெளி விட்டுத் தொழக் கூடாது.

"வாங்க காக்கா, எடம் இரிக்கி."

வெளியே களம் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. அதன் நடுவில் ஒருவர் தனியே தொழுவதற்கு எவ்வளவோ இடம் இருந்தது.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் போய், கோட்டில் குதிகாலை வைத்து நின்றேன்.